ஆணைக்கு எழுதிய ஆரவாரம்

1954 நவம்பர். அக்டோபர் புரட்சியின் 37ஆம் ஆண்டு விழா மாஸ்கோவின் போல்ஷோய் அரங்கில் நடக்க இருக்கிறது. நாள் நெருங்கிவிட்டது, தொடக்கத்தில் வாசிக்கப் புதிய இசை இல்லை. அரங்கின் இசை நடத்துநர் நெபோல்சின், டிமித்ரி ஷோஸ்டகோவிச்சின் வீட்டுக்கு ஓடுகிறார்.

யாரிடம் ஓடினார் என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். 1936இல் 'பிராவ்தா' நாளேடு இவருடைய ஓபராவை இசையே அல்ல, குழப்பம் என்று தாக்கியது. 1948இல் கட்சித் தீர்மானம் மறுபடியும் இவரைக் குற்றவாளி ஆக்கியது. மாஸ்கோ, லெனின்கிராட் இசைக் கல்லூரிகளில் இருந்த வேலை போயிற்று. ஸ்டாலின் 1953இல் இறந்துவிட்டார். தீர்மானம் சாகவில்லை. அது திருத்தப்பட்டது 1958இல்தான். பழியைத் துடைக்காமலே பாட்டு மட்டும் கேட்டார்கள். இப்படிப்பட்ட அழைப்பு எப்படி இருக்கும் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அவர் உட்கார்ந்து எழுதினார். உடனிருந்த நண்பர் லெபெதின்ஸ்கி பின்னாளில் நினைவுகூர்ந்தபடி, பேச்சும் சிரிப்புமாகவே எழுதினாராம். மை உலருமுன் ஒவ்வொரு தாளையும் அரங்கத்து ஆட்கள் வாங்கிக்கொண்டு ஓடினார்களாம். மூன்றே நாளில் முடிந்தது 'விழாக்காலத் தொடக்க இசை'. ஆறு நிமிடம்தான்.

ட்ரம்பெட்டுகள் முழங்கித் தொடங்குகின்றன. பிறகு கிளாரினெட் ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு ஓட்டமாய் ஓடுகிறது; வயலின்கள் துரத்துகின்றன. இடையில் கொம்பும் செல்லோவும் சற்று நிதானமாகப் பாடுகின்றன. முடிவில் தொடக்க முழக்கம் திரும்பும்போதுதான் கூட்டம் பெருகுகிறது. ஏற்கெனவே 4 கொம்பு, 3 ட்ரம்பெட், 3 ட்ரோம்போன், 1 டியூபா என 11 பித்தளைக் கருவிகள் இருக்கின்றன. அவற்றோடு இன்னொரு 4 கொம்பு, 3 ட்ரம்பெட், 3 ட்ரோம்போன் சேருகின்றன. மொத்தம் 21. அரசு விழாவுக்கு ஏற்ற சத்தம்தான்.

ஆனால் அந்த முழக்கம் அரசு விழாவுக்காகப் பிறந்ததல்ல. 1945இல் மகள் காலினாவின் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு அவர் எழுதிய சின்னப் பியானோ இசையின் தொடக்கம் இதையே ஒத்திருக்கிறது. அதன் பெயரே 'பிறந்தநாள்'. இதை வெறும் முகத்துதி என்று ஒதுக்குவோர் உண்டு. நமக்கு அப்படித் தோன்றவில்லை. கட்டளை போட்டவர்களின் மேடையில், சொந்த வீட்டு மகிழ்ச்சியை அல்லவா 21 பேரை வைத்து ஊதவைத்திருக்கிறார்!

சிறிய குழுக்கள் பத்துப் பேரை விட்டுவிட்டே வாசிப்பதுண்டு. கேட்க விரும்பும் மாணவர்கள் முழுக்குழு வாசித்த பதிவைத் தேடுங்கள். முதலில் பியானோவில் 'பிறந்தநாள்', உடனே இது.