2-2 டிரா ஆனா ஜெயிச்சது யாரு? செஸ் டீம் நாக்-அவுட் கணக்கு இதுதான்!

தனிநபர் செஸ்ஸில் டிரா என்றால் ஆளுக்கு அரைப் புள்ளி. கை குலுக்கிவிட்டு அடுத்த ரவுண்டுக்குத் தயாராகிடலாம். டீம் நாக்-அவுட்டில் அந்த வசதி இல்லை. இரண்டு அணிகளில் ஒன்று அன்றைக்கே மூட்டை கட்டியாகணும்.

பென்னாகரத்திலிருந்து நாலு பேர் ஒரு அணியாகச் சேர்ந்து தருமபுரிக்கு பஸ் ஏறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சுமார் 30 கி.மீ. தூரம். முதல் ரவுண்டிலேயே தோற்றால், ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டு திரும்ப பஸ் ஏற வேண்டியதுதான். 2022-ல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாட் அப்படி இல்லை. அது சுவிஸ் முறை, மொத்தம் 11 சுற்று. குகேஷ், பிரக்ஞானந்தா ஆடிய இந்தியா 'பி' அணி 6-வது சுற்றில் அர்மேனியாவிடம் தோற்றது. ஆனாலும் கடைசியில் வெண்கலத்தோடு மேடை ஏறியது. நாக்-அவுட்டாக இருந்திருந்தால் அந்த ஒரு தோல்வியோடு கதை முடிந்திருக்கும்.

சரி, 2-2 ஆனால் என்ன பண்ணுவாங்க?

கிளப் அணிகளின் நாக்-அவுட் போட்டிகள் இங்கிலாந்து, ஜெர்மனி போன்ற நாடுகளில் பல வருஷமாக நடக்கின்றன. அங்கே பழக்கத்தில் உள்ள வழி, போர்டு எண்களைக் கூட்டுவது. அணியின் பலமான வீரர் முதல் போர்டில், அடுத்தவர் இரண்டாவதில் என வரிசையாக உட்காருவார்கள். எந்தெந்த போர்டில் ஜெயித்தார்களோ அந்த எண்களைக் கூட்டணும். கூட்டுத்தொகை யாருக்குக் குறைவோ அவங்க அடுத்த ரவுண்டுக்குப் போவாங்க.

உதாரணமா, நம்ம அணி 1, 3-வது போர்டுகளில் ஜெயிக்குது. எதிரணி 2, 4-ல் ஜெயிக்குது. நமக்கு 4, அவங்களுக்கு 6. நாம உள்ளே! அதே, நாம 1, 4-லும் அவங்க 2, 3-லும் ஜெயிச்சா? ரெண்டு பேருக்கும் 5. அப்போது கடைசி போர்டைக் கணக்கிலிருந்து தூக்கிடுவாங்க. மிச்சம் நமக்கு ஒரு வெற்றி, அவங்களுக்கு ரெண்டு. நாம வெளியே. நாலாவது போர்டில் மூணு மணி நேரம் போராடி ஜெயிச்ச பையனுக்கு இது கொஞ்சம் கொடுமைதான். நாலு போர்டுமே டிரா என்றால் இந்தக் கணக்கு எதுவும் உதவாது. வேகமான ஆட்டமோ, நாணயச் சுண்டலோதான்.

முதல் போர்டு வெற்றிக்கு இவ்வளவு மதிப்பு இருப்பதால், பலமான ஆளை வேண்டுமென்றே கீழே இறக்கி சுலப வெற்றி எடுக்க நினைப்பது ஆபத்தான விளையாட்டு. ரேட்டிங் வரிசையை மாற்ற பல போட்டிகளில் அனுமதியும் இல்லை.

இந்தியாவே மாட்டிய நாக்-அவுட்

கொரோனா காலத்தில், 2020-ல் ஃபிடே நடத்திய ஆன்லைன் ஒலிம்பியாடின் இறுதிக்கட்டம் நாக்-அவுட் முறையில் நடந்தது. விதித் குஜராத்தி கேப்டன். 12 பேர் கொண்ட அணியில் ஆனந்த், பிரக்ஞானந்தா, வைஷாலி, அரவிந்த் சிதம்பரம் என நாலு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஒரு ஆட்டத்துக்கு ஆறு போர்டு: ஆண்கள் இருவர், பெண்கள் இருவர், ஜூனியர்கள் இருவர். லீக் கட்டத்தில் சீனாவை 4-2 என வீழ்த்தி முதலிடம் பிடித்ததால் இந்தியா நேரடியாகக் காலிறுதிக்குப் போனது. சீனாவுக்கு எதிரான அந்த ஆட்டத்தில் ஜெயித்துக் கொடுத்தது ஜூனியர் போர்டுகளில் இருந்த பிரக்ஞானந்தாவும் திவ்யா தேஷ்முக்கும்தான்!

காலிறுதியில் அர்மேனியா. முதல் பாதியை 3.5-2.5 என இந்தியா எடுத்தது. தங்கள் வீரருக்கு நெட் இணைப்பு துண்டானதாக அர்மேனியா முறையிட்டது. முறையீடு நிராகரிக்கப்பட, இரண்டாம் பாதியை ஆடாமலே விலகிவிட்டது.

அரையிறுதி போலந்துடன். முதல் பாதி 2-4 தோல்வி. இரண்டாம் பாதி 4.5-1.5 வெற்றி. கூட்டினால் இந்தியாவுக்கு 6.5, போலந்துக்கு 5.5. அப்போ இந்தியாதானே ஜெயிச்சது? இல்லை. மொத்தப் புள்ளி செல்லாது. ஆளுக்கு ஒரு பாதி என்பதுதான் கணக்கு. அதனால் 'ஆர்மகெடான்' எனப்படும் ஒற்றை ஆட்டம். வெள்ளைக்கு நேரம் அதிகம். ஆனால் டிரா ஆனால் கறுப்புக்கு வெற்றி. பன்னிரண்டு ஆட்டங்கள் முடிந்தும் தீராததை, கொனேரு ஹம்பி தனியாளாக மோனிகா சோச்கோவை வென்று முடித்து வைத்தார்.

ஆகஸ்ட் 30-ம் தேதி ரஷ்யாவுடன் இறுதிப் போட்டி. முதல் பாதியில் ஆறு போர்டும் டிரா. இரண்டாம் பாதியில் உலகம் முழுக்க ஏற்பட்ட இணையக் கோளாறில் நிஹல் சரினும் திவ்யாவும் இணைப்பை இழந்து, நேரம் முடிந்து தோற்றார்கள். முதலில் ரஷ்யா வென்றதாக அறிவிப்பு வந்தது. இந்த முறை முறையிட்டது இந்தியா! கடைசியில் ஃபிடே தலைவர் அர்காடி துவோர்கோவிச் இரு அணிகளுக்கும் தங்கம் என்று அறிவித்தார்.

கேப்டன் என்ன பேசலாம்?

நேரில் நடக்கும் டீம் ஆட்டத்தில் வீரர் நடுவர் முன்னிலையில், "டிரா கேட்கலாமா?" என்று கேப்டனிடம் கேட்கலாம். "கேளு", "வேண்டாம்", "ஒத்துக்கோ" என்று அவர் சொல்லலாம். அவ்ளோதான். பிஷப்பை எங்கே வைக்கணும் என்று வாய் திறக்கக் கூடாது. ஆனால் பக்கத்து போர்டுகளின் நிலவரம் தெரிந்த கேப்டனுக்கு அந்த ஒரு வார்த்தையே போதும்: முதல் போர்டில் வெற்றி உறுதி என்றால், மற்ற போர்டுகளின் நிலவரத்தைப் பொறுத்து நாலாவது போர்டில் அரைப் புள்ளியே அணியைக் கரை சேர்க்கக்கூடும்.