நான்கு சங்கிலி பிரியும்போது

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று போனால் கடைசியாக வருவது கிளாவரை. கேரட், பூண்டு, உருளை விளையும் மலைச்சரிவு. அங்கே மண்ணிலிருந்து பிடுங்கும் கேரட்டுக்கு நிறம் தருவது பீட்டா கரோட்டின். நம் குடலில் அது வைட்டமின் ஏ ஆக மாறிக் கல்லீரலில் சேமிப்பாகிறது. தேவைப்படும்போது ஒரு சின்னப் புரதம் அதை ஏந்திக்கொண்டு ரத்தத்தில் இறங்கும். தனியே விட்டால் அந்தச் சின்னப் புரதம் சிறுநீரகத்தில் வடிந்து போய்விடும். போகவிடாமல் பிடித்துவைப்பது டிரான்ஸ்தைரெட்டின் என்ற பெரிய புரதம்.

ஒரே மாதிரியான நான்கு சங்கிலிகள், ஒவ்வொன்றிலும் 127 அமினோ அமிலங்கள்: இதுதான் டிரான்ஸ்தைரெட்டின். நான்கும் சேர்ந்திருக்கும்வரை தொல்லை இல்லை. சில சமயம் அது இரண்டிரண்டாகப் பிரிகிறது. பிறகு சட்டென்று தனித்தனியாகிறது. முதல் பிரிவு மிக மெதுவாக நடப்பது, நோயின் வேகம் அதைப் பொறுத்ததே. தனித்துப்போன சங்கிலியின் மடிப்பு பாதி அவிழ்கிறது. அப்படி அவிழ்ந்தவை ஒன்றோடொன்று ஒட்டி நாராக நீள்கின்றன. இந்த நார்தான் அமிலாய்டு. உடம்பால் எளிதில் கரைக்க முடியாது. இதயத்தில் படிந்தால் சுவர் தடித்து விறைக்கும், நரம்பில் படிந்தால் பாதம் மரத்துப்போகும்.

போர்ச்சுகலின் வடகடலோர மீனவக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வந்த இந்த நரம்பு நோயை மருத்துவர் கொரீனோ டி அந்திராதே 1952-ல் விவரித்து எழுதினார். சங்கிலியின் 30-ஆம் இடத்தில் வாலைன் இருக்க வேண்டிய இடத்தில் மெத்தியோனைன் இருந்ததுதான் காரணம் என்பது பின்னாளில் தெரிந்தது. இந்தக் கதையில் என்னை மிகவும் ஈர்ப்பது அடுத்து வருவது. அதே குறையைச் சுமந்தும் சிலருக்கு நோய் வரவில்லை, வந்தாலும் லேசாகவே வந்தது. பெற்றோரில் மற்றவரிடமிருந்து அவர்களுக்குக் கிடைத்த சங்கிலியில், 119-ஆம் இடத்தில் வேறொரு மாற்றம் இருந்தது. அது கலந்த நால்வர் கூட்டு எளிதில் பிரிவதில்லை.

பிரியாமல் வைத்தாலே போதும் என்பதற்கு இயற்கையே தந்த சான்று அது. அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிலையத்தில் ஜெஃப்ரி கெல்லி குழு அந்த வழியில் போனது. நான்கு சங்கிலிகளுக்கு நடுவே தைராய்டு ஹார்மோன் உட்காரும் இரண்டு பள்ளங்கள் உண்டு. ரத்தத்தில் அவை பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். மண்வெட்டிக் காம்பு ஆடினால் ஆப்பு வைத்து இறுக்குவதுபோல, அந்தப் பள்ளத்தில் டாஃபாமிடிஸ் என்ற மருந்தைச் செருகினார்கள். 2011-ல் ஐரோப்பாவில் நரம்பு நோய்க்கும், 2019-ல் அமெரிக்காவில் இதய நோய்க்கும் அனுமதி கிடைத்தது. 441 இதய நோயாளிகளை 30 மாதம் கவனித்த சோதனையில் மருந்து பெற்றவர்களில் 29.5 சதவீதமும், பெறாதவர்களில் 42.9 சதவீதமும் இறந்தார்கள். ஆனால் 2019-ல் அமெரிக்காவில் அறிவித்த விலை ஆண்டுக்கு 2,25,000 டாலர். இந்த விலையை என்னால் ஏற்க முடியவில்லை.

மரபணுவில் குறையே இல்லாதவர்களுக்கும், குறிப்பாக வயதான ஆண்களுக்கு, இந்த நோய் வரும். இதயம் தளர்வதற்குப் பல ஆண்டுகள் முன்பே இரண்டு மணிக்கட்டிலும் நரம்பு நெரிந்து விரல்கள் மரத்துப்போகலாம். காலமெல்லாம் களை பறித்த கை என்று தோட்டக்காரரும் அதைச் சாதாரணமாக விட்டுவிடுவார். அப்படிப்பட்டவருக்குப் பின்னாளில் மூச்சு வாங்கி, எக்கோவில் இதயச் சுவர் தடித்துத் தெரிந்தால், இந்தப் படிவைக் காட்டும் டெக்னீசியம் ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். கூடவே ரத்தமும் சிறுநீரும் சோதிக்க வேண்டும்: எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் வேறொரு புரதமும் இதேபோல இதயத்தில் படியும். அதற்குச் சிகிச்சையே வேறு, அதைத் தள்ளிப்போடவே கூடாது.