தீவுப் படகும் கட்டணமும்

சந்தைக்கு நெல் வாங்க ஒரே வியாபாரி வந்தால், விலையை அவரே சொல்வார். நான்கு வியாபாரிகள் வந்தால் விலை சற்று ஏறும். இது விவசாயிகள் அனைவரும் அனுபவத்தில் கண்ட உண்மை. ஆகவே, எத்தொழிலிலும் போட்டி இருந்தால் பொதுமக்களுக்கு நன்மையே விளையும் என்று நாம் எண்ணுவது இயல்பு. ஆனால் சில தொழில்களில் இவ்விதி முழுவதும் பொருந்துவதில்லை. படகுப் போக்குவரத்து அவற்றுள் ஒன்று. சந்தை, வண்டிப்பேட்டை, ஓடத்துறை முதலியவற்றைக் குத்தகைக்கு விடும் பஞ்சாயத்துக்கள் இதன் காரணத்தை அறிந்திருத்தல் நலம். இதை விளக்கத் தொலைதூரத்திலுள்ள ஒரு சிறு தீவின் வரலாற்றை இங்கே எடுத்துக்கொள்வோம்.

ஒரு தீவின் வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மிச்சிகன் ராஜ்யத்தைச் சேர்ந்தது மாக்கினாத் தீவு. ஹ்யூரான் ஏரியில் உள்ள இத்தீவின் சுற்றளவு ஏறத்தாழ 13 கிலோமீட்டர். நிரந்தரமாக வசிப்போர் சில நூறு பேரே. 1898-ஆம் ஆண்டிலேயே இங்கே மோட்டார் வண்டிகள் தடை செய்யப்பட்டன. இன்றும் குதிரை வண்டியும் சைக்கிளுமே வாகனங்கள். இந்த அமைதியை நாடிக் கோடைக்காலத்தில் உல்லாசப் பிரயாணிகள் லட்சக்கணக்கில் வருகின்றனர்.

1957-இல் மாக்கினா ஜலசந்தியின் மீது பெரிய பாலம் திறக்கப்பட்டது. அதுவரை ஜலசந்தியைக் கடக்கக் கார்களை ஏற்றிச் செல்லும் படகுகளை ராஜ்ய சர்க்காரே நடத்தி வந்தது. பாலம் வந்ததும் அப்படகுகள் நின்றன. ஆனால் அப்பாலம் இரு கரைகளை இணைக்கிறதேயன்றித் தீவைத் தொடுவதில்லை. எனவே தீவுக்குச் செல்வோர் இன்றும் மாக்கினா நகரத்திலிருந்தோ செயின்ட் இக்னேஸ் ஊரிலிருந்தோ படகேற வேண்டும். பயணம் 20 நிமிஷ அளவுதான்.

இப்படகுத் தொழிலில் மூன்று கம்பெனிகள் நெடுங்காலம் போட்டியிட்டன. ஆர்னால்டு கம்பெனி 1878-இல் தோன்றியது. ஷெப்லர் 1945-இல் தோன்றியது. ஸ்டார் லைன் பின்னர் வந்தது. மூன்றும் ஒரே தீவுக்கு, ஒரே பிரயாணிகளை நம்பிப் படகு விட்டன. 2016-இல் ஆர்னால்டின் தொழிலை ஸ்டார் லைன் வாங்கிற்று. மூன்று இரண்டாயின. பின்னர் 2020-களில் எஞ்சிய இரண்டும் ஒரே உரிமையாளரின் கைக்கு வந்தன. பெயர்ப்பலகை இரண்டாயினும் பணப்பெட்டி ஒன்றே என்ற நிலை ஏற்பட்டது.

போட்டி ஏன் நிலைக்கவில்லை?

இதை அறியப் படகின் கணக்கைப் பார்க்க வேண்டும். ஓர் உதாரணம் கொள்வோம். ஒரு படகு ஒரு நடை போய்வர எண்ணெய், கூலி, தேய்மானம் எல்லாம் சேர்ந்து 3,000 ரூபாய் செலவாகிறது என வைத்துக்கொள்வோம். படகில் 60 பேர் ஏறினால் ஆளுக்கு விழும் செலவு 50 ரூபாய். 20 பேர் ஏறினால் 150 ரூபாய். ஆள் குறைந்தாலும் செலவு அநேகமாகக் குறைவதில்லை. காலியிருக்கையோடு புறப்பட்ட படகின் வருமானம் மீண்டும் வாராது. விற்காத நெல்லைப்போல் அதைக் குதிரில் போட்டு வைக்க இயலாது.

துறையில் 60 பேர் நிற்கின்றனர். மூன்று படகுகள் புறப்படக் காத்திருக்கின்றன. மூவரும் சமமாகப் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொருவருக்கும் 20 பேர். அப்பொழுது 150 ரூபாய் வாங்கினால்தான் கட்டுப்படியாகும். ஆனால் ஒருவர் 100 ரூபாய் என்று கூவுகிறார். மற்றொருவர் 80 என்கிறார். எப்படியும் புறப்படப்போகும் படகில் கூடுதலாக ஓர் ஆள் ஏறினால் கிடைப்பதெல்லாம் லாபமே என்று ஒவ்வொருவரும் நினைக்கின்றனர். இவ்வாறு கட்டணம் செலவுக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

பிரயாணிகளுக்கு அன்று கொண்டாட்டந்தான். ஆனால் அந்த நஷ்டத்தைப் படகுக்காரர் எங்கேயாவது ஈடு செய்தாக வேண்டும். முதலில் பழுதுபார்ப்பதைத் தள்ளிப்போடுவார். அடுத்து, அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றுவார். இதன் விளைவு எத்தகையது என்பதை நாம் அறியாதவர்களல்லோம். 2023 மே 7-இல் கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த தானூரில் உல்லாசப் படகொன்று கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர்; அவர்களுள் பலர் குழந்தைகள். அப்படகு அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருந்தது. பேராசைக்கும் போட்டிக்கும் காரணம் வெவ்வேறாயினும், அளவு மீறிய பாரத்தின் பலன் ஒன்றே.

இவ்வாறு சில காலம் கழிந்தபின், தாங்க முடியாதவர் தொழிலை விற்றுவிடுகிறார். வாங்குபவர் பெரும்பாலும் மற்றொரு படகுக்காரரே. கடைசியில் ஒருவரே மிஞ்சுகிறார். முன்னர் இழந்ததையெல்லாம் பின்னர் கட்டணத்தில் சேர்த்து வாங்குகிறார்.

புதியவர் ஏன் வருவதில்லை?

கட்டணம் உயர்ந்தால் புதிதாக ஒருவர் படகு வாங்கிப் போட்டிக்கு வரலாமே என்று கேட்கலாம். படகை வாங்கலாம், அதைக் கட்டும் துறையை வாங்குவது அரிது. தீவின் துறைமுகத்தில் படகு அணையும் இடங்கள் சிலவே. அக்கரையிலும் துறையும், கார்களை நிறுத்த விசாலமான நிலமும் வேண்டும். ஆகவே துறையை உடையவரே தொழிலை உடையவர். படகுக் கட்டணத்தைக் குறைத்துக் காட்டி, வண்டி நிறுத்தும் கட்டணத்தில் அதை ஈடு செய்வதும் சாத்தியமாகிறது.

நகர மன்றத்தின் பங்கு

மாக்கினாத் தீவில் படகு விடுவதற்கு நகர மன்றத்தின் அனுமதி வேண்டும். போட்டி இல்லாமற்போனால் கட்டணத்தைப் பரிசீலிக்கத் தனக்கு உரிமை உண்டு என்பது மன்றத்தின் வாதம். கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் யாருடையது என்பது பற்றி 2025-இல் மன்றத்துக்கும் படகு உரிமையாளருக்கும் வழக்கு மூண்டது. வண்டி நிறுத்தும் கட்டணமும் அவ்விவாதத்தில் இடம்பெற்றது.

இதில் உண்மையில் பாதிக்கப்படுவோர் யார்? உல்லாசப் பிரயாணி ஆண்டுக்கு ஒருமுறை வருகிறார். கட்டணம் மிகுந்தால் வேறிடம் செல்வார். தீவில் குடியிருப்பவரோ வைத்தியத்துக்கும் சாமான்களுக்கும் அக்கரைக்குச் சென்றே தீர வேண்டும். குளிர்காலத்தில் பிரயாணிகள் வருவதில்லை; படகு விடுவதில் லாபமும் இல்லை. ஏரி நன்கு உறைந்த ஆண்டுகளில், பனிக்கட்டியின் மீது பண்டிகை மரங்களை வரிசையாக நட்டு வழி குறித்து, அவ்வழியே பனி வண்டிகளில் அக்கரை செல்வது அவ்வூரார் வழக்கம். கோடை லாபத்தை அனுபவிப்பவர் குளிர்கால நடையையும் ஏற்க வேண்டும் என்று ஊரார் எதிர்பார்ப்பது நியாயமல்லவா?

நம் நாட்டிலேயே வேறொரு முறையும் உண்டு. பம்பாய்த் துறைமுகத்திலுள்ள எலிபெண்டாத் தீவுக்குப் படகு விடும் சிறு உரிமையாளர்கள் கூட்டுறவுச் சங்கமாக இணைந்து, ஒரே கட்டணம் வாங்குகின்றனர். இதனால் துறையில் கூவி இழுக்கும் சச்சரவு குறைகிறது. ஆயினும், சங்கமும் ஒருவகை ஏகபோகமே என்பதை மறத்தலாகாது. கட்டணத்தைச் சங்கம் தானே நிர்ணயித்துக்கொள்ளாமல், பொது அதிகாரி ஒருவர் கணக்கைப் பார்த்து ஒப்புக்கொள்வதே முறை.

பஞ்சாயத்துக்கள் கவனிக்க வேண்டியவை

ஓடத்துறையாயினும், சந்தையாயினும், வண்டி நிறுத்துமிடமாயினும், குத்தகைப் பத்திரம் எழுதும்பொழுது பின்வருவனவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம்:

1. துறையும் நிலமும் பஞ்சாயத்தின் உடைமையாகவே இருக்க வேண்டும். குத்தகைக் காலம் குறுகியதாக இருத்தல் நலம்.

2. உச்சக் கட்டணத்தை முன்னரே நிர்ணயித்துப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். வண்டி நிறுத்தும் கட்டணமும் அதில் அடங்க வேண்டும்.

3. மாணவர், நோயாளிகள், உள்ளூரார் ஆகியோருக்குச் சலுகைக் கட்டணமும், வருமானம் குறைந்த மாதங்களில் குறைந்தபட்ச நடைகளும் நிபந்தனையாக வேண்டும்.

4. ஏற்றக்கூடிய ஆட்களின் எண்ணிக்கையைப் படகிலேயே எழுத வேண்டும். உயிர்காப்பு மிதவை இல்லாத படகு புறப்படலாகாது.

5. குத்தகைதாரர்கள் தம்முள் இணைந்துவிட்டால், கட்டணத்தை மறுபரிசீலனை செய்யும் உரிமை பஞ்சாயத்துக்கு உண்டென்று தெளிவாக எழுத வேண்டும்.

அதிகத் தொகைக்கு ஏலம் கேட்டவருக்கே குத்தகை என்ற ஒரே நோக்கமும் நன்றன்று. ஏலத் தொகை உயர உயர, அது பிரயாணியின் கட்டணத்திலேயே வந்து சேரும். பஞ்சாயத்தின் பெட்டியில் விழும் பணம் ஊராரின் மடியிலிருந்து வந்ததே.

'ஆறு கடக்கிற வரையில் அண்ணன் தம்பி. அப்புறம் நீ யார், நான் யார்' என்பது நம் பழமொழி. போட்டி நடக்கும்பொழுது படகுக்காரர் நம்மை அண்ணன் தம்பி என்றழைப்பார். போட்டி ஓய்ந்தபின்னும் அவ்வுறவு நிலைக்க வேண்டுமானால், அதற்கான ஷரத்துக்களைக் கட்டணம் மலிவாக இருக்கும் காலத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். படகு நடு ஆற்றுக்குச் சென்றபின் பேரம் பேசிப் பயனில்லை.