நோயறிவிக்கும் நாய்: அதனிடம் எதனை எதிர்பார்க்கலாம்?

நள்ளிரவு. வீட்டிலுள்ளோர் யாவரும் ஆழ்ந்த நித்திரையில் இருக்கின்றனர். கட்டிலருகே படுத்திருந்த நாய் திடீரென எழுகின்றது. உறங்கும் சிறுமியின் முகத்தருகே மூக்கை நீட்டி மோந்து பார்க்கின்றது. பின்னர் அடுத்த அறைக்கு ஓடித் தாயின் கையை நக்கி அவளை எழுப்புகின்றது. தாய் விரைந்து வந்து, மகளின் விரலிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்துப் பரிசோதிக்கின்றாள். சர்க்கரை அபாயகரமான அளவிற்குக் குறைந்திருக்கின்றது. உடனே இனிப்புப் பானம் புகட்டப்படுகின்றது. ஆபத்து நீங்குகின்றது.

இது கட்டுக்கதையன்று. நீரிழிவு நோயுள்ள பிள்ளைகள் வாழும் இங்கிலாந்து இல்லங்கள் சிலவற்றில் இத்தகைய நிகழ்ச்சிகள் நடந்துள்ளன. இதனை வாசித்ததும், “இப்படியொரு நாய் இருந்தால் கவலையின்றி உறங்கலாமே!” என்று எண்ணாத தாய் இருக்கமாட்டாள். ஆனால், அவ்வாறு கவலையின்றி உறங்குதல் தகுமா? இதுவே நாம் ஆராயவேண்டிய கேள்வி.

மூக்கின் ஆற்றல்

மணத்தை உணரும் நுண்ணிய உறுப்புகள் மனிதனின் மூக்கில் சுமார் ஐம்பது இலட்சம் உள. நாயின் மூக்கிலோ அவை இருபது கோடிக்கும் மேற்பட்டவை. நமக்கு மணமே இல்லாதது போலத் தோன்றும் பொருளும் நாய்க்குத் தெளிவாகப் புலப்படுவது இதனாலேயாம்.

நோய்க்கும் மணம் உண்டு என்னும் கருத்து வைத்திய உலகின் கவனத்தை ஈர்த்தது 1989ஆம் ஆண்டில். தன் காலிலிருந்த மறு ஒன்றை வளர்ப்பு நாய் ஓயாது மோந்தமையால் ஐயுற்ற ஒரு பெண், வைத்தியரிடம் சென்றார். அது தோற் புற்றுநோய் எனக் கண்டறியப்பட்டது. இச்செய்தி ‘லான்செற்’ என்னும் வைத்தியச் சஞ்சிகையில் வெளியாகியது.

பின்னர், 2008ஆம் ஆண்டில், கலாநிதி கிளெயர் கெஸ்ட் என்னும் அம்மையாரும் டொக்டர் ஜோன் சேர்ச் என்பவரும் இங்கிலாந்தில் ‘மெடிக்கல் டிற்றெக்ஷன் டோக்ஸ்’ என்னும் தருமஸ்தாபனத்தை நிறுவினர். மறுவருடம் ஓர் அதிசயம் நிகழ்ந்தது. அவ்வம்மையாரின் சொந்த நாயாகிய டெய்சி, அவரது மார்பைத் திரும்பத் திரும்ப மூக்கால் இடித்தது. வைத்தியர்கள் சோதித்தபோது, ஆழத்தில் மறைந்திருந்த புற்றுநோய் ஆரம்ப நிலையிலேயே வெளிப்பட்டது.

பயிற்சி எவ்வாறு?

நோயறிவிக்கும் நாய் இயல்பாகத் தோன்றுவதன்று, பொறுமையோடு உருவாக்கப்படுவது. குட்டிப் பருவத்தில் அது ஒரு குடும்பத்தில் வளர்ந்து, கடைத்தெரு, புகையிரதம், சனக்கூட்டம் ஆகியவற்றிற்குப் பழகுகின்றது. பின்னர் மணப் பயிற்சி தொடங்கும். சர்க்கரை குறைந்த வேளையில் நோயாளியின் வியர்வையையோ மூச்சையோ துணியில் சேகரித்து வைப்பர். அம்மணத்தை அறிந்து நாய் அறிகுறி காட்டும்போதெல்லாம் விருப்பமான தின்பண்டம் வழங்கப்படும். அடியோ அதட்டலோ இப்பயிற்சிக்கு உதவா. முடிவில், அம்மணம் எழுந்ததும் நக்குதல், காலால் தட்டுதல், பரிசோதனைக் கருவிப் பையைக் கௌவி வருதல் ஆகியவை நாயின் பழக்கமாகிவிடும்.

நாய் மோந்தறியும் மணம் யாது? 2016ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர், நீரிழிவுள்ள எட்டுப் பெண்களின் மூச்சைச் சோதித்தனர். சர்க்கரை குறையும்போது ‘ஐசோப்பிரீன்’ என்னும் பொருள் மூச்சில் மிகுவதைக் கண்டனர். நாய் உணர்வது இதுவாக இருக்கலாம் என்பது அவர்களின் ஊகம்.

எவ்வளவு நம்பலாம்?

2019ஆம் ஆண்டில் வெளிவந்த இங்கிலாந்து ஆராய்ச்சியொன்று, மேற்கூறிய ஸ்தாபனம் பயிற்றிய 27 நாய்களைப் பற்றியது. நாலாயிரத்திற்கு மேற்பட்ட சந்தர்ப்பங்கள் கணிக்கப்பட்டன. சர்க்கரை குறைந்த சந்தர்ப்பங்கள் நூற்றில் ஏறக்குறைய 83இலும், மிகுந்த சந்தர்ப்பங்கள் நூற்றில் 67இலும், நடுத்தரமான ஒரு நாய் எச்சரித்தது. நல்ல பயன்தான். ஆயினும் நாய்க்கு நாய் திறமை பெரிதும் வேறுபட்டது.

2017இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியோ வேறொரு பாடம் புகட்டியது. எட்டு நோயாளரின் நாய்கள் அதில் அவதானிக்கப்பட்டன. அவை கொடுத்த எச்சரிக்கைகளில் நூற்றில் 12 மாத்திரமே உண்மையில் சர்க்கரை குறைந்த வேளையில் எழுந்தவை. உடலிற் பொருத்தப்பட்டு இடைவிடாது சர்க்கரையை அளக்கும் கருவியும் நாயும் ஒரே வீழ்ச்சியை அறிந்தபோது, கருவியே பெரும்பாலும் இருபது நிமிடங்களுக்கு மேல் முந்திக்கொண்டது.

இவ்விரு முடிவுகளும் முரண்பட்டவை போலத் தோன்றலாம். பயிற்சியும் தொடர்ந்த மேற்பார்வையும் எவ்வளவு முக்கியமானவை என்பதற்கு இவ்வேறுபாடு ஒரு சான்றாகலாம். எவ்வாறாயினும் நாயும் களைப்படையும்; உறங்கும்; நோயுறும்; பூனையைக் கண்டு கவனம் சிதறும். ஆகவே நாய் எச்சரித்தவுடன் இரத்தத்தைச் சோதித்தல் வேண்டும். சோதியாது இன்சுலின் ஏற்றுவதும், நாய் பேசாதிருக்கிறதே என்று சோதனையைக் கைவிடுவதும் உயிருக்கே உலை வைக்கும்.

வலிப்பு நோயைப் பொறுத்தவரை இன்னும் எச்சரிக்கை தேவை. வலிப்பு வந்தபின் உதவி அழைக்கவும், நோயாளியின் அருகே நிற்கவும் நாயைப் பயிற்றலாம். வருமுன் அறிவிப்பதோ வேறு விடயம். வலிப்பு வேளையில் உடலில் எழும் மணத்தைப் பயிற்சி பெற்ற ஐந்து நாய்கள் வேறுபடுத்தி அறிந்தன என 2019இல் ஓர் ஆராய்ச்சி காட்டியது. எனினும், வலிப்பு வருமுன்னரே எந்த நாயும் தவறாது அறிவிக்கும் என்று எவரும் உத்தரவாதம் அளிக்க முடியாது.

ஏமாற்றுக்காரரும் உளர்

தாய்தந்தையரின் அச்சம் சிலருக்கு வியாபாரமாகிவிட்டது. 2018ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலச் சட்டமா அதிபர், இத்தகைய நாய்களை விற்ற ஒரு நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார். 18,000 முதல் 27,000 டொலர் வரை வாங்கிக்கொண்டு, போதிய பயிற்சியற்ற நாய்களை நோயாளர் வீடுகளுக்கு அனுப்பியதாக முறைப்பாடு கூறியது.

ஆதலால், நல்ல பயிற்சியாளர் யார் என்பதை அறிதல் அவசியம். அவர் முதலில் நோயாளியின் வாழ்க்கை முறையை விசாரிப்பார், காத்திருக்கச் சொல்வார், குடும்பத்தினரையும் பயிற்றுவார். நாயின் ஒவ்வோர் எச்சரிக்கையையும் அவ்வேளைச் சர்க்கரை அளவோடு சேர்த்துக் குறித்து அனுப்பும்படி கேட்பார். நாய் வீடு சேர்ந்த பின்பும் வந்து பார்ப்பார். “எங்கள் நாய் ஒருபோதும் தவறாது” என்று உறுதி கூறுபவரை விட்டு விலகுதலே நன்று.

குடும்பத்தின் கடமையும் சிறிதன்று. உணவு, உலாவல், விளையாட்டு, வைத்தியம் ஆகியவற்றோடு, நாய் சரியாக எச்சரிக்கும் ஒவ்வொரு முறையும் பரிசும் வழங்கவேண்டும். நடுச்சாமமாயினும் இதில் சோம்பல் கூடாது. பரிசு தவறினால் பழக்கமும் தேயும். முதுமை வந்ததும் நாய்க்கு ஓய்வும் அளிக்கவேண்டும்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்கலாம். நீண்டகாலம் நீரிழிவுற்றோர் சிலருக்கு, சர்க்கரை குறையும்போது தோன்றும் வியர்வை, நடுக்கம் முதலிய அறிகுறிகளே மறைந்துவிடுகின்றன. தன் உடல் தனக்கு அறிவியாததை அருகிலுள்ள ஓர் உயிர் அறிவிக்குமாயின், அது பெரும் பேறன்றோ? தனித்து வெளியே செல்ல அஞ்சியவர்க்கு அது துணிவையும் தோழமையையும் தருகின்றது.

முதலிற் கண்ட தாயிடம் மீண்டும் செல்வோம். அவள் நாயைத் தடவிக்கொடுத்து, தின்பண்டம் ஊட்டி, மகளின் சர்க்கரை அளவைக் குறிப்பேட்டில் எழுதுகின்றாள். பதினைந்து நிமிடங்களின் பின் மறுபடியும் சோதிக்கின்றாள். பின்னரே விளக்கை அணைக்கின்றாள். நாய் அவளுடைய காவலைப் பகிர்ந்துகொண்டது. ஆனால் அவள் அதை முற்றாக நாயிடம் ஒப்படைத்துவிடவில்லை.