படமுறையா, கட்டளைமுறையா?

கந்தளாய்க் குளத்து நீரைப் பெற்று விளைவன தம்பலகாமத்து வயல்கள். அங்கே மேல்வயற்காரர் மடையை மாற்றின், கீழ்வயலும் அதன் பயனையோ கேட்டையோ அடையும். பலர் கூடி எழுதும் கணினி நிரலும் அத்தன்மையதே. ஒருவர் செய்த திருத்தம் பிறர் வேலையை அழியாதவாறு, யார், எப்பொழுது, எதனை, ஏன் மாற்றினார் என்பதைப் பதிந்து காக்கும் முறை பதிப்புக் கட்டுப்பாடு எனப்படும்.

இதன் இன்றியமையாமைக்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை திருகோணமலை மாவட்டம் உள்ளிட்ட கரையோரங்களைத் தாக்கியது. காணாமற்போனோர், முகாம்கள், உதவிப் பொருள்கள் பற்றிய விவரங்களை ஒழுங்குபடுத்துதற்பொருட்டு, இலங்கைத் தொண்டர்கள் 'சகானா' என்னும் மென்பொருளை விரைந்து ஆக்கினர். அதன் மூலநிரல் யாவர்க்கும் திறந்து விடப்பட்டது. 2006ஆம் ஆண்டிற்குரிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகநலப் பரிசையும் அது பெற்றது. பலர் ஒருங்கே திருத்தும் இத்தகைய பணியில் ஒரு நல்ல திருத்தம் தொலைந்து பழைய பிழை மீளுமாயின், அத்துன்பம் உதவி நாடி நிற்போரையே சாரும்.

லினக்ஸ் இயங்குதளத்தின் கருப்பகுதியை எழுதுவோர்க்கென லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் ஆக்கிய 'கிட்' இன்று பெருவழக்காயுள்ளது. அதனைக் கையாள இரு வழிகள் உள. சாளரத்திற் பொத்தான்களை அழுத்துவது ஒன்று. கட்டளைகளைத் தட்டச்சிடுவது மற்றொன்று. இரண்டும் ஒரே களஞ்சியத்தையே தொடுவன. ஆதலின் ஒரே குழுவில் ஒருவர் ஒன்றையும் மற்றவர் மற்றொன்றையும் மேற்கொள்ளத் தடையில்லை.

படமுறையின் சிறப்புக் காட்சியாகும். கிளைகள் பிரிவதும் இணைவதும் கோடுகளாகத் தோன்றும். பழைய வரியும் புதிய வரியும் அருகருகே நிற்கும். பதியுமுன் தம் திருத்தத்தை ஒருமுறை வாசித்துப் பார்க்க இது மிகவும் ஏற்றது.

கட்டளைமுறையின் சிறப்புத் திட்பமாகும். செய்தது சொல்லாக எஞ்சும். அதனை எழுதி வைக்கலாம், பிறர்க்கு அனுப்பலாம், மீண்டும் இயக்கலாம். தொலைவிலுள்ள கணினியை மெலிந்த இணைப்பின் வழி இயக்கும்போதும் அது சுமையாகாது. மேலும், சாளரக் கருவிகள் பல, கிட்டின் செயல்களுட் சிலவற்றையே காட்டுவன.

எனினும், பொருளறியாது இயக்கின் இரண்டும் தீங்கே பயக்கும். களஞ்சியத்திற் பதிந்த நிலையைப் பெரும்பாலும் மீட்கலாம். ஒருபோதும் அதிற் சேராத திருத்தத்தைக் கைவிட்டால், பொத்தானால் விட்டாலும் கட்டளையால் விட்டாலும், கிட் அதனை மீட்டுத் தராது.

ஆகவே புதிதாகக் கற்போர் நிலை பார்த்தல், வேறுபாடு பார்த்தல், சேர்த்தல், பதிதல், வரலாறு காணல் என்னும் ஐந்தையும் கட்டளைகளாகவே முதலிற் பயிலுதல் நன்று. அவற்றின் பொருள் விளங்கியபின், காண்பதற்குச் சாளரத்தையும் செய்வதற்குக் கட்டளையையும் கொள்ளலாம். மடையைத் திறக்குமுன் நீர் எவ்வயலுக்குப் பாயும் என்பதை அறிந்திருத்தல் வேண்டுமன்றோ?