ஒரே பெட்டிக்குள் பல வகுப்பறைகள்

சென்ற கல்வியாண்டில் ஒரு நாள், கணிப்பொறிக் கூடத்தில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வரைந்த மயில், அலுவலக அச்சுப்பொறியிலிருந்து அழகாக வெளிவந்தது. எல்லோரும் சிரித்தோம். மறுநாள் இன்னொருத்தி, "டீச்சர், இதிலே எங்கள் மதிப்பெண் பட்டியல் தெரிகிறதே!" என்று அழைத்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அவள் தவறேதும் செய்யவில்லை. கூடமும் அலுவலகமும் ஒரே வலையில் இருந்தன, அதுதான் காரணம்.

பெற்றோருக்கும் விளங்கும்படி சற்று விரிவாகக் காண்போம். கணிப்பொறிகளின் கம்பிகள் எல்லாம் வந்து சேரும் பெட்டிக்கு ஸ்விட்ச் என்று பெயர். விளக்குப் போடும் ஸ்விட்ச் அன்று. கம்பி செருகும் ஒவ்வொரு துளையும் ஒரு போர்ட். எந்தப் போர்ட்டில் எந்தக் கணிப்பொறி உள்ளது என்பதை ஸ்விட்ச் நினைவில் வைத்து, செய்தியை உரிய இடத்தில் மட்டும் சேர்க்கும். ஆனால் "இங்கே அச்சுப்பொறி உண்டா?" என்று பொதுவாகக் கூவும் செய்திகளும் உள்ளன. அவை எல்லாப் போர்ட்டுகளுக்கும் போகும். அந்தக் கூவல் எட்டும் இடம் வரை ஒரே வலை எனலாம்.

இதைப் பிரிக்க ஒவ்வொரு பிரிவுக்கும் தனிப்பெட்டியும் தனிக்கம்பியும் வாங்கினால் செலவு என்னாவது? அதற்கு வந்த உபாயமே வி-லேன். (வில்லன் என்று வாசித்துவிடாதீர்கள்!) ஒரே பெட்டிக்குள், இல்லாத சுவரை இருப்பதாகப் பாவிக்கும் ஏற்பாடு இது. நாங்கள் அலுவலகத்துக்கும் ஆசிரியர் அறைக்கும் 10, கூடத்துக்கு 20 என்று எண் கொடுத்தோம். 20-இன் கூவல் 10-க்குக் கேட்காது. இரண்டுக்கும் இடையே வழி வேண்டுமானால் ரூட்டர் என்னும் வாயிற்காவலர் வழியாகத்தான் செல்ல வேண்டும். யாரை விடலாம், யாரைத் தடுக்கலாம் என்று அங்கே விதி எழுதி வைக்கலாம்.

போர்ட்டுகளுக்கு முக்கியமாக இரண்டு நிலைகள் உண்டு. கணிப்பொறி செருகும் போர்ட் ஆக்செஸ் நிலையில் இருக்கும். அது ஒரே வி-லேனைச் சேர்ந்தது. இரு கட்டிடங்களின் ஸ்விட்சுகளை இணைக்கும் போர்ட் டிரங்க் நிலையில் இருக்கும். எல்லா வி-லேன்களும் அந்த ஒரே கம்பியில் பயணம் செய்யும். சுற்றுலாப் பேருந்தில் பல வகுப்பு மாணவியர் ஏறினால் அடையாளப் பட்டை அணிவிக்கிறோம் அல்லவா? அதுபோல டிரங்க்கில் ஏறும் செய்திக்கு 4 பைட் அளவுள்ள பட்டை ஒன்று சேர்க்கப்படும். ஆக்செஸ் போர்ட்டில் இறங்கும்போது கழற்றப்படும். இம்முறையை 802.1க்யூ என்ற தரவிதியாக 1998-இல் வெளியிட்டனர். பட்டையில் எண்ணுக்கு 12 பிட் இடம். எனவே 4096 எண்கள். முதலும் கடைசியும் நீங்கலாக 4094. ஒரு பள்ளிக்கு இது தாராளம்!

பட்டையில்லாமல் டிரங்க்கில் செல்லும் வி-லேன் ஒன்றும் உண்டு. அதற்கு நேட்டிவ் என்று பெயர். கம்பியின் இரு முனையிலும் அதன் எண் ஒன்றாக இல்லாவிட்டால் செய்தி வேறு வகுப்பில் போய் அமர்ந்துவிடும்.

இனி என் பிழையையும் சொல்லிவிடுகிறேன். அரையாண்டு மதிப்பெண் பதிவு நடந்துகொண்டிருந்தது. நூலகத்துக்கு 30 என்ற எண்ணைச் சேர்க்க எண்ணி, கூடத்தில் இருந்தபடியே முதன்மைக் கட்டிடத்து ஸ்விட்சின் டிரங்க் போர்ட்டுக்கு, "அனுமதிக்கப்பட்டவை 30" என்ற பொருளில் கட்டளையிட்டேன். சிஸ்கோ வகை ஸ்விட்சில் அதனுடன் "ஆட்" என்ற சொல்லும் வேண்டும். அது இல்லையேல் பழைய பட்டியல் அழிந்து 30 மட்டுமே நிற்கும். 10-உம் 20-உம் அக்கணமே நின்றன. ஆசிரியர் அறையில் மதிப்பெண் பதிந்துகொண்டிருந்தவர்கள் பாதியில் விழித்தார்கள். நானும் கூடத்தில் அல்லவா இருந்தேன்! பிழையைத் திருத்தும் வழியையும் நானே அடைத்துக்கொண்டேன்.

மைதானத்தைக் கடந்து ஓடினேன். நல்லவேளை, கட்டளையை நிரந்தரமாகச் சேமிக்கவில்லை. மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுத்ததும் ஸ்விட்ச் பழைய ஏற்பாட்டுடன் விழித்தது. சிஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. கடிகாரத்தை மட்டும் பார்த்தார்கள்.

அன்று மாலை "ஆட்" சேர்த்து நூலகத்தை இணைத்தேன். அப்போதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. புதிய ஸ்விட்சில் எல்லாப் போர்ட்டுகளும் 1 என்ற வி-லேனிலேயே இருக்கும். நாங்கள் பயன்படுத்தாத ஐந்து போர்ட்டுகள் அப்படியே திறந்து கிடந்தன. எவர் கம்பியைச் செருகினாலும் உள்ளே வரலாம். ஐந்தையும் ஆக்செஸ் நிலைக்கு மாற்றி, யாரும் இல்லாத 99 என்ற எண்ணில் போட்டு, அடைத்துவிட்டேன். இம்முறை சேமிக்கவும் மறக்கவில்லை.