குறிப்பெடுத்தலும் ஆய்வு நேர்மையும்

ஆய்வுக்கட்டுரை எழுத முற்படும் மாணவர் பலர் குறிப்பெடுத்தலை எழுத்துக்கு முந்திய இயந்திர வேலையாகவே கருதுகின்றனர். வாசித்தவற்றையெல்லாம் கொப்பியொன்றில் வரிசையாக எழுதிவைத்து, பின்னர் அவற்றை இணைத்துவிட்டாற் கட்டுரை உருவாகிவிடும் என்பது அவர்தம் எண்ணம். ஆயின் கட்டுரையின் நம்பகத்தன்மை பெரும்பாலும் குறிப்பெடுக்கும் வேளையிலேயே தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றது.

ஓர் உதாரணம் நோக்கற்பாலது. 1885 இல் சி. வை. தாமோதரம்பிள்ளை தொல்காப்பியப் பொருளதிகாரத்தைப் பதிப்பித்தபோது உரை முழுவதையும் நச்சினார்க்கினியருடையதாகவே வெளியிட்டார். அதிலுள்ள மெய்ப்பாட்டியல், உவமவியல், மரபியல் ஆகியவற்றின் உரை பேராசிரியருடையது என்பதைப் பின்வந்த ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். அப்பதிப்பிலிருந்து மெய்ப்பாடு பற்றிய விளக்கமொன்றை எடுத்தெழுதும் மாணவர், ‘நச்சினார்க்கினியர் கூற்று’ என்று மட்டும் குறித்துக்கொண்டால், ஒருவர் கருத்தை மற்றொருவர்மேல் ஏற்றியவராவார். பதிப்பாசிரியர் பெயர், ஆண்டு, பக்கம் ஆகியன உடனிருப்பின் பிழையின் தோற்றுவாயைத் தேடிக் கண்டு திருத்தலாம். அவை இல்லாதவிடத்துப் பிழை மாணவருடையதாகவே நிலைத்துவிடும்.

ஆகவே இருவகை அட்டைகளைப் பேணுதல் நன்று. முதல்வகை அட்டையில் நூலின் விபரங்கள் முழுமையாக அமையும். எந்த நூலகத்திற் பார்க்கப்பட்டது என்பதும் அதில் இடம்பெறவேண்டும். இரண்டாம்வகை அட்டை செய்திக்குரியது. ஓர் அட்டையில் ஒரு செய்தியே எழுதப்படல்வேண்டும். அட்டையின் தலைப்பில் அச்செய்தி ஆய்வின் எப்பகுதிக்குரியது என்பதும், கீழே நூலின் சுருக்கப்பெயரும் பக்கவெண்ணும் அமையும். இவ்வாறு செய்யின் அட்டைகளை வேண்டியவாறு மாற்றியடுக்கி வாதத்தின் ஒழுங்கைப் பரிசோதிக்கலாம். எப்பகுதிக்குச் சான்று போதாது என்பதும் உடனே புலனாகும்.

செய்தி அட்டைகளில் மூன்று குரல்கள் கலவாதிருத்தல் இன்றியமையாதது. மூலத்தின் சொற்களை அப்படியே எழுதும்போது மேற்கோட்குறி இடுக. விடுபட்ட பகுதியைப் புள்ளிகளாற் காட்டுக. சுருக்கி எழுதும்போது நூலை மூடிவைத்துத் தம் சொற்களில் எழுதி, பின்னர் மூலத்தோடு ஒப்பிடுக. தமது ஐயத்தையும் கருத்தையும் வேறு நிற மையால் எழுதுக. இவ்வேறுபாடு பேணப்படாதபோது, சில மாதங்களின் பின் பிறர் வாக்கியமே தம் வாக்கியமாகத் தோன்றும். கருத்துத் திருட்டுகள் யாவும் திட்டமிட்டு நிகழ்வன அல்ல. சீர்கெட்ட குறிப்புகளிலிருந்து பிறப்பனவும் உண்டு.

தமது கருதுகோளுக்கு முரணான சான்றையும் அதே கவனத்துடன் குறித்தல் வேண்டும். உகந்தவற்றை மட்டும் பொறுக்குதல் ஆய்வாகாது. அது வழக்குரைஞரின் வேலை. முற்போக்கான முடிவும் இவ்விதிக்கு விலக்கன்று.

இன்று கைத்தொலைபேசியிற் பக்கங்களைப் படமெடுத்தல் எளிதாகிவிட்டது. எனினும் படம் மூலத்தின் பிரதியே; வாசித்துத் தெரிந்தெடுத்துத் தலைப்பிடும்போதே அது குறிப்பாகின்றது.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அழிந்தன. மீளப்பெற இயலாதனவும் அவற்றுள் இருந்தன. அத்தகைய மூலத்தைப் பொறுத்தவரை, அதனை முன்னர் வாசித்தவர் எடுத்த குறிப்பே எஞ்சிய சான்றாகும். அக்குறிப்பில் மேற்கோள் எது, சுருக்கம் எது, எழுதியவர் ஊகம் எது என்பது தெளிவாக இல்லையெனின் அச்சான்றும் பயனற்றதாகிவிடும். மாணவரின் சிறு அட்டையும் என்றோ ஒருநாள் பிறரொருவர் நம்பி எடுத்தாளவேண்டிய சாட்சியமாகலாம் என்ற பொறுப்புணர்வோடு குறிப்பெடுத்தலே முறையாகும்.